எட்டுக் கை செக்ரட்டரியும் என் மீன் கடையும்

வண்ண மீன் கடை என்பது, வாங்க வருகிறவர்களைவிட வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதிகமாக இருக்கிற வியாபாரம். கோட்டாற்றில் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், மனைவி துணிக்கடைக்குள் இருக்கும்போது வெளியே நிற்க நேர்ந்த கணவர்கள், அழுகிற குழந்தையை அடக்க வேண்டியவர்கள் எல்லாரும் என் கடைக்குள்தான் ஒதுங்குவார்கள். பத்துத் தொட்டியையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மீன் தூங்குமா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பதினாறு வருடமாக இதுதான் நடக்கிறது. நான் விலங்கியல் படித்தேன். அதற்கு வேறு வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். ஆகவே மீன் கடை.

நாய் வளர்ப்பவர்களே, பூனையிடம் அடிமை வேலை பார்ப்பவர்களே, கிளி வளர்த்து அதன் வாயாலேயே ஏச்சு வாங்குகிறவர்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். ஆனால் நான் ஏழு மாதம் ஒரு பேய்க்கணவாயை வைத்திருந்தேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் எண்காலி, டிவியில் ஆக்டோபஸ், எங்கள் கடற்கரையில் பேய்க்கணவாய். அந்தப் 'பேய்' என்ற சொல்லை யாரும் சும்மா சேர்க்கவில்லை.

பரணியோடு வந்தது

கடியப்பட்டணத்தில் ததேயு என்று ஒருவர் இருக்கிறார். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர், மூச்சுப் பிடித்து முங்கிப் பாறையில் சிப்பி எடுக்கிறவர். செவ்வாய்க்கிழமைதோறும் கேன்களில் கடல் தண்ணீரும், பாறை இடுக்கில் பிடித்த சின்னச் சின்னக் கலர் மீன்களும் லோடு ஆட்டோவில் கொண்டுவந்து தருவார். ஒரு செவ்வாய்க்கிழமை மூடி போட்ட வாளி ஒன்றும் கூட வந்தது. உள்ளே கழுத்து உடைந்த ஊறுகாய்ப் பரணி, பீங்கான் ஜாடி. யாரோ எப்போதோ கடலில் வீசியது, நண்டு வலையில் மாட்டி மேலே வந்திருக்கிறது. பரணிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன.

எனக்கு வேண்டாம் என்றேன். நான் விற்கிற மீனையெல்லாம் தின்கிற வகை இது, தினமும் நண்டு கேட்கும், மூடியைத் திறக்கும், யாரும் வாங்கவும் மாட்டார்கள் என்று படித்த படிப்பையெல்லாம் எடுத்துவிட்டேன். ததேயு மறுத்துப் பேசவில்லை. "செரி எக்கா, தூண்டிலுக்கு வெட்டிப் போட்டுக்கிடுதேன்" என்றார்.

வெட்டப் போகிறார் என்றதும், ஒரு தடவை தொட்டாவது பார்ப்போம் என்று வாளிக்குள் கையை விட்டேன். பரணியிலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஒரு கை பைய வெளியே வந்து, என் ஆள்காட்டி விரலைச் சுற்றியது. இழுக்கவில்லை, கடிக்கவில்லை. துணிக்கடையில் புடவையைத் தடவிப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு உறிஞ்சியாக ஒட்டி எடுத்து என் விரலைத் தடவிப் பார்த்தது. நானும் கையை எடுக்கவில்லை. ததேயு காலி கேன்களை ஆட்டோவில் ஏற்றி முடித்துவிட்டு வந்தார். நான் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"எக்கா, இப்பம் ஒரு கைதான் தந்திருக்கு. மிச்சம் ஏழு கிடக்கு, பாத்து இரிங்க" என்றார்.

பெயர் வந்த வழி

என் கடையில் என்னோடு வேலை பார்ப்பவர் பொன்னையன் அண்ணன். அறுபதை நெருங்குகிறவர். ரப்பர் எஸ்டேட்டில் முப்பது வருடம் பால் வெட்டிவிட்டு, முட்டி தேய்ந்து, பத்து வருடத்துக்கு முன் இங்கே வந்தார். அய்யாவழிக்காரர். நெற்றியில் நாமம் இல்லாமல் கடைக்கு வரமாட்டார். மீனைத் தொடுவார், தின்னமாட்டார்.

புது ஆளை முன் வரிசையில் நாலடித் தொட்டி ஒன்றில் பரணியோடு இறக்கினோம். இரண்டே நாளில் அது காற்றுக்குழாயைப் பிடுங்கியது, ஃபில்டரின் மூடியைக் கழற்றியது, தெர்மாமீட்டரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி ஒட்டியது, கற்களையெல்லாம் இழுத்துத் தன் வாசலில் மதில் கட்டியது. அதன் கை படாத காரியம் ஒன்றுமில்லை. "எங்க சபை செக்ரட்டரி மாதிரில்லா இருக்கு" என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பொன்னையன் அண்ணன் அதையே பெயராக வைத்துவிட்டார்.

எங்கள் சர்ச் சபையின் உண்மையான செக்ரட்டரி ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு ஒரு சின்னத் தொட்டியும் மீனும் கேட்டு அடுத்த வாரம் கடைக்கு வந்தார். அவரை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து பொன்னையன் அண்ணனின் குரல் வந்தது. "மக்கா, செக்ரட்டரி மூணு நண்டையும் தின்னுட்டு ஓட்டையெல்லாம் வாசல்ல தள்ளிப் போட்டிருக்கு. இப்பம் ஒண்ணும் தெரியாதது மாதிரி முழிச்சிட்டு இருக்கு." நான் இருமினேன். இன்னொரு தடவை இருமினேன். ஹெட்மாஸ்டர் எழுந்து போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டி முன்னால் நின்றார். அப்போது அது ஒரு கையால் ஃபில்டரையும், ஒரு கையால் குழாயையும், ஒரு கையால் நண்டு ஓட்டையும் பிடித்துக்கொண்டு, மற்றக் கைகளுக்கு வேலை தேடிக்கொண்டிருந்தது. அவர் ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ரெண்டு கைதான் உண்டும் சுகந்தி. பாக்கி ஆறும் பொருளாளருக்க கை."

நாமத்துக்கு வந்த சோதனை

காலையில் கடை திறந்ததும் பொன்னையன் அண்ணன் ஒவ்வொரு தொட்டியாக மூடியைத் திறந்து, மிதக்கிற குப்பையை வலையால் அள்ளுவார். செக்ரட்டரியின் தொட்டியைத் திறந்தால் மட்டும் ஒரு பீச்சு வரும். தலைக்குக் கீழே உள்ள குழாயால், குறி தவறாமல், நேராக நெற்றியில். நாமம் கரைந்து மூக்கு வழியாக இறங்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வாரம். என்மேல் ஒரு சொட்டு விழவில்லை. அவருக்கு மனது கஷ்டமாகிவிட்டது. "இது வேதக்காரக் கணவாயாக்கும். உங்க ஆளுதானே, நீயே அள்ளு" என்று வலையை என் கையில் கொடுத்தார். எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களுக்கு வேதக்காரர் என்று பெயர். பாதி விளையாட்டுக்குச் சொன்னதுதான். மறு பாதி விளையாட்டில்லை.

பத்து வருடம் ஒன்றாக வேலை பார்ப்பவர்களுக்கு நடுவில் இப்படி ஒரு பேச்சு விழுந்தால் அதை ஆறப்போடக் கூடாது. பரிசோதித்தே பார்த்துவிடுவோம் என்றேன். மறுநாள் அவர் வெறும் நெற்றியோடு போய் மூடியைத் திறந்தார். பீச்சு. அதற்கடுத்த நாள், அவரிடமே கேட்டு, அவர் கையாலேயே நாமம் இட்டுக்கொண்டு நான் போனேன். செக்ரட்டரி பரணியைவிட்டு இறங்கி வந்து கையை நீட்டியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் இருவரும் நாமத்தோடு தோளோடு தோள் ஒட்டி நின்றோம். அது என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே அவர்மேல் பீச்சியது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வந்த மூன்றாம் நாளே, பாசி பிடித்திருக்கிறது என்று சொல்லி, அதன் பரணியை வெளியே எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியவர் இவர்தான். சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வருத்தமெல்லாம் போய், ஒரு மாதிரித் திருப்தியே வந்துவிட்டது.

"அப்பம் மதச் சண்டை இல்ல மக்கா. எனக்கும் அதுக்கும் உள்ள சொந்தச் சண்டை."

தாசில்தாரின் ரசனை

ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் தினமும் நடைப்பயிற்சி முடித்து வந்து செக்ரட்டரியின் தொட்டி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். இதுவரை என் கடையில் ஒரு பொட்டலம் தீனிகூட வாங்கியதில்லை. செக்ரட்டரி கரும்பழுப்பிலிருந்து வெளுத்து, புள்ளி விழுந்து, தோலெல்லாம் முள் முள்ளாக எழும்பி, மறுபடி கல்லின் நிறத்துக்கே போவதை ஒரு வாரம் வாய் பேசாமல் பார்த்தார். எட்டாம் நாள் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். தோலில் நிறம் எப்படி மாறுகிறது என்று கேட்கப் போகிறார் என்று நினைத்து, கல்லூரியில் படித்த நிறப்பைகள், நரம்புகள் எல்லாவற்றையும் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன்.

"நல்ல அழகு. தேங்கா வறுத்தரைச்சு, கொஞ்சம் நல்லமிளகு தட்டிப் போட்டா இன்னும் அழகா இருக்கும்."

மூடி திறக்கும் வித்தை

இந்தப் பிராணிக்குச் சும்மா இருந்தால் கிறுக்குப் பிடித்துவிடும். அதனால் வேலை கொடுக்க ஆரம்பித்தேன். காலிக் காப்பித்தூள் பாட்டிலுக்குள் உயிர் நண்டு ஒன்றைப் போட்டு, மூடியைத் திருகி, தொட்டிக்குள் இறக்கினேன். முதல் நாள் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உருண்டது. நிறம் இருபது தடவை மாறியது. கடைசியில் தற்செயலாகத்தான் மூடி திரும்பியது. மறுநாள் பாதி நேரம். நாலாம் நாள், பாட்டிலைத் தலைகீழாக இறக்கினாலும் மூடி எந்தப் பக்கம் என்று கை வைத்துப் பார்த்துவிட்டு, உடம்பால் அமுக்கி, ஒரு திருகு. நான் நண்டு வாளியை மூடி வைப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

எஸ்தர் டீச்சர் எங்கள் தெருவில் இருப்பவர். மகளுடைய பிறந்தநாளுக்குத் தங்கமீன் வாங்க வந்தவர் இதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். காட்டினேன். மூன்றாம் தடவையும் காட்டச் சொன்னார். நண்டு தீர்ந்துபோய், ஒரு இறாலைப் போட்டுக் காட்டினேன். தங்கமீன் பையைக் கையில் வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்க மாப்பிளைக்கு இருபது வருசமா ஊறுகாய் பாட்டில் துறக்கத் தெரியாது. இதுக்குத் தம்பி எவனாவது உண்டுமா?"

குடைக்கடை

மதியம் ஒன்றரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவோம். அது ஐப்பசி மழை நேரம். சாப்பிட்டுக் கை கழுவி வந்தால், தொட்டி மூடியின் மேல் வைத்த கல் வைத்தபடியே இருக்கிறது, பரணி இருக்கிறது, செக்ரட்டரி இல்லை. காற்றுக்குழாய் போவதற்காக மூடியில் ஒரு ஓட்டை வெட்டியிருந்தேன். என் இரண்டு விரல் போகும். அதன் விளிம்பு ஈரமாக இருந்தது. உடம்பில் எலும்பே இல்லாத ஒன்றுக்கு அது ராஜவாசல் என்று விலங்கியல் படித்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தொட்டிகளுக்கு அடியில், ஜல்லி மூட்டைக்குப் பின்னால், வாளிகளுக்குள் எல்லாம் தேடினோம். எனக்கிருந்த பயம் ஒன்றுதான். பக்கத்துத் தொட்டிகள் எல்லாம் உப்பில்லாத நல்ல தண்ணீர். அதற்குள் விழுந்தால் செத்துவிடும். வெளியே கிடந்தாலும் உடம்பு காய்கிற வரைதான். பொன்னையன் அண்ணன் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தார். தினமும் முகத்தில் துப்பு வாங்கியவர். எனக்கு வயது நாற்பத்தாறு. அழுகை வருவது ஒரு கணவாய்க்கு.

அப்போது பக்கத்துக் கடை பாய் ஷட்டருக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்து, "தங்கச்சி, கொஞ்சம் வாங்க" என்றார். அவர் குடை விற்கிறவர், ரிப்பேரும் செய்கிறவர். எங்கள் இரண்டு கடைக்கும் நடுச்சுவரில் தண்ணீர் போகிற ஓட்டை ஒன்று உண்டு. ரிப்பேருக்கு வந்த கறுப்புக் குடைகள் மழை ஈரத்தோடு குவிந்து கிடந்தன. அந்தக் குவியலின் மேல், அதே கறுப்பில், கைகளை விரித்துக்கொண்டு செக்ரட்டரி கிடந்தது. ஈரத் துண்டில் அள்ளிக்கொண்டு ஓடினேன். தண்ணீரில் விட்டதும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது, பரணிக்குள் போய்ச் சுருண்டது. கால் மணி நேரம் கழித்து ஒரு இறாலை வாங்கிக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நன்றி சொல்லத் திரும்பப் போனேன். பாய் கையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"துணி கிழிஞ்ச குடைன்னு கையில எடுத்துட்டேன் தங்கச்சி. எண்ணிப் பாத்தேன், எட்டுக் கம்பியும் சரியா இருந்துச்சு."

மயிலாடி மண்டபம்

ஓடிப்போன செய்தி ஊரெல்லாம் பரவியது. மயிலாடியில் சிற்பி ஒருவர் என் பழைய வாடிக்கையாளர். பட்டறையில் தொட்டி வைத்து, கல் தூசிக்கு நடுவில் மீன் வளர்க்கிறவர். "வீடு பிடிச்சிருந்தா அது எதுக்குப் போகுது? நான் ஒரு வீடு செய்து தாறேன்" என்றார். அளவெடுக்க நேரிலேயே வந்தார். அது ஒரு நிமிடம் உருண்டையாக இருந்தது, ஒரு நிமிடம் பாய் மாதிரிப் பரந்தது, ஒரு நிமிடம் கயிறு மாதிரி நீண்டது. எந்த அளவைக் குறிப்பது என்று தெரியாமல், தலை எது, வயிறு எது என்றாவது சொல்லுங்கள் என்றார். நாம் தலை என்று நினைக்கிற மூட்டைதான் வயிறு, கைகள் முளைத்திருப்பது தலையிலிருந்து என்று சொன்னேன். அவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, "அப்பம் செய்தவனுக்கே கணக்கு தப்பியிருக்கு" என்றார்.

மூன்று வாரத்தில் மண்டபம் வந்தது. கருங்கல்லில் நாலு தூண், தூணுக்குத் தூண் ஒரு பூ, மேலே சின்னதாக ஒரு விமானம். உள்ளே இறக்கினோம். செக்ரட்டரி ஒரு மணி நேரம் ஒவ்வொரு தூணையும் தடவிப் பார்த்தது, விமானத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது, எல்லாம் முடிந்ததும் ஊறுகாய்ப் பரணிக்குத் திரும்பிப் போய்விட்டது. மறுநாளிலிருந்து தின்று முடித்த நண்டு ஓட்டையெல்லாம் மண்டபத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டியது. சிற்பி அடுத்த தடவை வரும் சத்தம் கேட்டதும் நான் அவசரமாகக் கையை விட்டு அள்ளினேன். அவர் அதற்குள் பார்த்துவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"கிடக்கட்டு, அள்ளாண்டாம். எங்க ஊருலயும் இப்படித்தான், மண்டபம் கட்டிக் குடுத்தாலும் சாமி போய் மரத்தடி மூட்டுலதான் இருக்கும்."

பல் டாக்டர்

இதெல்லாம் போன்களில் வீடியோவாகச் சுற்றி, புதிதாகக் கிளினிக் கட்டியிருந்த பல் டாக்டர் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. வெயிட்டிங் ஹாலில் வைக்க வேண்டும், தொட்டியோடு கொடுங்கள், நல்ல விலை தருகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து, "குடுத்திரு சுகந்தி. வீடியோ கால்ல நீ எனக்கு உனக்க முகத்தைக் காட்டி மாசம் மூணாச்சு. அதுக்க முகத்தைத்தான் காட்டிட்டு இருக்க" என்றார். அதில் நியாயம் இருந்தது. கடைக்காரி விற்கத்தானே கடை வைத்திருக்கிறாள்? சனிக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொன்னையன் அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மீன்களோடு மட்டும் பேசினார், அதுவும் எனக்குக் கேட்கிற மாதிரி.

சனிக்கிழமை டாக்டர் ஆட்களோடும் காலிக் கேன்களோடும் வந்தார். அந்த நேரத்தில் செக்ரட்டரி ஒரு பெரிய நண்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்தது. டாக்டர் குனிந்து பார்த்தார். தொழில் அக்கறையோடு, "இதுக்குப் பல் எத்தனை?" என்று கேட்டார். எனக்கு ஒரு வழி தெரிந்தது. "பல்லே கிடையாது டாக்டர். கிளிக்கு இருக்கிற மாதிரி ஒரு அலகுதான். எந்த ஓட்டையும் உடைச்சிரும். சொத்தை இல்லை, வலி இல்லை, சாகிற வரைக்கும் செலவே இல்லை" என்றேன். அதன் நாக்கில் அரம் மாதிரி பொடிப்பல் வரிசை ஒன்று உண்டு. அதை அந்த நேரத்தில் சொல்லவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும். டாக்டர் நிமிர்ந்தார். நண்டு ஓடு உடைகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஆட்களைப் பார்த்து, காலிக் கேன்களைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"பல்லே இல்லாம இவ்வளவு நல்லா திங்கியதை ஹால்ல வச்சா, வாறவன் எல்லாம் அப்படியே திரும்பிப் போயிருவான் மேடம்."

சாப்பாட்டை நிறுத்தியது

முதலில் கண்டுபிடித்தவர் பொன்னையன் அண்ணன். "நாலு நாளா எனக்க மேல துப்பல்ல மக்கா. அதுக்குச் சொகமில்ல" என்றார். நானும் கவனித்திருந்தேன், ஆனால் ஒத்துக்கொள்ளாமல் இருந்தேன். செக்ரட்டரி பரணியைவிட்டு வெளியே வரவில்லை. கல்லையெல்லாம் இழுத்து வாயை அடைத்துக்கொண்டிருந்தது. நண்டைக் கொண்டுபோய் வாசலில் காட்டினால் ஒரு கை வந்து தள்ளிவிடும். கோபமில்லாமல், வீட்டுக்கு வந்த விற்பனையாளரைத் திருப்பி அனுப்புவதுபோல.

டார்ச்சை அடித்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். பரணியின் மேல்சுவரிலிருந்து வெள்ளைச் சரம் சரமாகத் தொங்கியது. ஒவ்வொன்றும் அரிசிக் குறுணை அளவு. நூற்றுக்கணக்கில். அது, இனி அவள் என்றுதான் சொல்ல வேண்டும், கை நுனியால் ஒவ்வொரு சரமாகத் தடவித் தடவிச் சுத்தம் செய்து, மெல்லத் தண்ணீர் ஊதிக்கொண்டிருந்தாள். பொன்னையன் அண்ணன் மேல் பீச்சிய அதே குழாய்தான். கடலிலிருந்து வரும்போதே இணை சேர்ந்து வந்திருக்கிறாள். இவர்கள் அதை மாதக்கணக்கில் உடம்பில் சேமித்து வைப்பார்கள். ஒரே ஒரு முறை முட்டையிடுவார்கள். முட்டை விரிகிற வரை ஒன்றும் தின்னமாட்டார்கள். விரிந்ததும் செத்துப்போவார்கள். கல்லூரித் தேர்வில் ஐந்து மார்க்குக்கு இதை நான் எழுதியிருக்கிறேன், முழு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பொன்னையன் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஜல்லி மூட்டையின் மேல் உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டு மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஹெட்மாஸ்டர் செக்ரட்டரி வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். டார்ச்சை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அவர் மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. ஏதாவது வேத வசனம் சொல்லுவார், அழுதுவிடுவேன் என்று பயந்து நின்றேன். டார்ச்சை அணைத்து என் கையில் கொடுத்தார்.

"நம்ம சபையில இதுவரைக்கும் பொம்பளை செக்ரட்டரி வந்ததில்ல. உனக்க தொட்டி முந்திட்டு."

சிப்பிப் பாறை

முட்டையிலிருந்து வரும் குஞ்சு எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. தண்ணீரோடு மிதந்து திரியும். என் தொட்டியில் விரிந்தால் ஃபில்டர் உறிஞ்சிவிடும், ஃபில்டரை நிறுத்தினால் தண்ணீர் கெட்டுவிடும், எல்லாம் சரியாக இருந்தாலும் அதற்குக் கொடுக்க என்னிடம் தீனி இல்லை. கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாம் என்றார் ததேயு. போகிற வழியில் ஆட்டம் தாங்காமல் முட்டையை விட்டுவிட்டு அவள் வெளியே வந்துவிட்டால் இரண்டும் போச்சு என்றேன் நான். "இவ்வளவு நாளும் நம்ம கூட இருந்துட்டு, சாகதுக்கு ஏன் அங்க போணும்?" என்றார் பொன்னையன் அண்ணன். மூன்று பேரும் ஒரு நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பேசினோம். கடைசியில் ததேயுதான் கேட்டார், "எக்கா, முட்டை யாருக்க?" என்று. எங்களுடையது இல்லை, அவளுடையது; கடலுக்கே கொண்டுபோவது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை விடிந்ததும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி, பரணியை அப்படியே அதில் இறக்கி, லோடு ஆட்டோவில் ஏற்றினோம். கடியப்பட்டணம் வரைக்கும், ரோட்டின் எல்லாக் குழிகளிலும், பொன்னையன் அண்ணன் அந்தத் தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வள்ளத்தில் ஏறுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. ததேயு சிப்பி எடுக்கிற பாறைக்குப் போய்ச் சேர்வதற்குள் காலையில் குடித்த காப்பி முழுக்கக் கடலுக்குப் போய்விட்டது. ததேயு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரணியின் வாயில் உள்ளங்கையை வைத்து மூடி, முங்கினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது வரை எண்ணியபோது பரணியோடு மேலே வந்தார். இடுக்கு சரியில்லை, அலை புரட்டிவிடும் என்றார். மறுபடி முங்கினார். அறுபதைத் தாண்டி எண்ணிக்கை தப்பிவிட்டது. மேலே வந்தபோது கை வெறுங்கை. மூச்சு வாங்கி முடிந்ததும் இன்னொரு தடவை, பார்ப்பதற்காக மட்டும் போனார். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்து சொன்னார். "உள்ளதான் இருக்கா. ஒரு கையை வெளிய விட்டு, பக்கத்துல கிடந்த கல்லை இழுத்து வாசலை அடைக்கா." பொன்னையன் அண்ணன் தலையைத் தூக்கி, மஞ்சளாய்ப் போன முகத்தோடு, சிரித்தார்.

ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ததேயு வந்தார், கேனை இறக்கினார், போனார். ஒரு செவ்வாய்க்கிழமை கேனை இறக்கிவிட்டுப் போகாமல் நின்றார். சிப்பி எடுக்கப் போனபோது பார்த்தாராம். முட்டையெல்லாம் விரிந்து, வெறும் தோல் மட்டும் சரம் சரமாகத் தொங்குகிறதாம். அவளைக் காணவில்லையாம். நான் தலையை ஆட்டிவிட்டு, கேனைத் திறந்து, ஏற்கெனவே நிறைந்திருந்த ஒரு தொட்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். ததேயு காலிக் கேனை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பரணி சும்மா கிடக்கல்ல எக்கா. ஒரு கல்நண்டு குடியேறி, வாசல்ல நின்னு என்னை மொறைக்குது."

அந்த நாலடித் தொட்டியில் இப்போது தங்கமீன்கள் இருக்கின்றன: விட்ட இடத்தில் இருக்கும், போட்டதைத் தின்னும், யாரோடும் வம்புக்குப் போகாது, ஆகவே கடை ரொம்ப ஒழுங்காகவும் சகிக்க முடியாமலும் நடந்துகொண்டிருக்கிறது.